கோடையில் எடுத்த பேப்பர்

நான்காம் செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது நான் செங்கல்பட்டு ரயில் நிலையத்தின் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். வகுப்பு வாட்ஸப் குழுவில் யாரோ லிங்க் போட்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி நின்று பதிவு எண்ணை அடித்தேன். ஆறு பாடங்களில் ஐந்து பாஸ். பிசிக்கல் கெமிஸ்ட்ரிக்கு நேரே முப்பத்தொன்று. நூற்றுக்கு முப்பத்தொன்று. பின்னால் வந்தவர்கள் என் பையை இடித்துக்கொண்டு ஏறிப் போனார்கள். ஒருவர், "ஓரமா நில்லும்மா, வழியில நின்னுகினு" என்றார். நான் ஏற்கெனவே சுவரை ஒட்டித்தான் நின்றிருந்தேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் பஸ், பிறகு ரயில். சாயங்காலம் ரயில், பிறகு பஸ். நைனா சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். அம்மா மாமல்லபுரம் தாண்டிக் கடலோரத்தில் இருந்த ஒரு ரிசார்ட்டின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி மெஷினில் கொடுத்து, மறுபக்கம் வாங்கி மடித்து அடுக்கும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரே பிள்ளையும் நான்தான்.

தோற்றது ஒரு பாடத்தில்தான். ஆனால் அதை முடிக்காமல் மூன்றாம் ஆண்டின் இரண்டு பெரிய பாடங்களில் உட்கார விடமாட்டார்கள். டிகிரி ஒரு வருடம் தள்ளிப் போகும். அதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. மே மாதம் தொடங்கும் சம்மர் டெர்ம். ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தும் பாடத்தை ஆறு வாரத்தில் நடத்தி, ஜூன் கடைசியில் பரீட்சை வைப்பார்கள். அதில் தேறிவிட்டால் ஜூலையில் என் வகுப்போடு சேர்ந்து மூன்றாம் ஆண்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் அந்தப் பாடத்தின் பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். அதிகம் பேசாதவர். என் கையில் இருந்த சம்மர் டெர்ம் படிவத்தைப் பார்த்ததுமே நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"எடுக்காதே" என்றார்.

"சார்?"

"கோபத்துல சொல்லலம்மா. உன் பேப்பரத் திருத்தினவன் நான். உனக்குக் கணக்குல அடித்தளமே இல்ல. சம்மர்ல தினமும் நாலு மணி நேரம் ஓடும். ஒரு நாள் புரியலன்னா திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட நிதானமா உட்காரு. ஒரு வருஷம்தானே? போனாப் போகட்டும்."

"வீட்ல கேக்குறேன் சார்."

"கேளு. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள் நான். கல்லூரிக்கு வந்த பிறகு, கரும்பலகையில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து அதை அப்படியே மனப்பாடம் செய்துதான் அதுவரை பாஸ் செய்திருந்தேன். பிசிக்கல் கெமிஸ்ட்ரி மனப்பாடத்துக்கு மசியவில்லை. பக்கம் பக்கமாக, 6 என்ற எண் திரும்பி நிற்பது மாதிரி ஒரு கணக்குக் குறி. அது எதைக் கேட்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் 'அடித்தளமே இல்ல' என்ற அந்த வார்த்தை ரயில் முழுக்க என்னோடு வந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால், ஒருவேளை நானே வேண்டாம் என்று விட்டிருப்பேன்.

வேண்டாம் என்று விடுவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதுதான் பெரிய காரணம்.

அம்மாவுக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக உதிரப்போக்கு. மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள். பழைய புடவையை நாலாக மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டாள். பங்குனியில் ஒருவழியாக செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையில் கட்டிகள் இருக்கின்றன, எடுத்துவிடுவது நல்லது, தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். பெண்கள் வார்டில் நைனா தங்க முடியாது. அம்மாவுக்கு அக்கா தங்கை கிடையாது. அதனால், எனக்கு லீவு விடும் மே மாதமாகக் கேட்டு, இரண்டாவது வாரத்தில் தேதி வாங்கியிருந்தாள். ஆஸ்பத்திரிக்கென்று இரண்டு நைட்டி எடுத்து, துவைத்து, கட்டைப்பையில் மடித்து வைத்துவிட்டாள். ரிசார்ட்டில் ஒன்றரை மாத லீவுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று.

சம்மர் டெர்ம் தொடங்குவதும் அதே இரண்டாவது வாரம்தான்.

பேராசிரியரைப் பார்த்த அன்று சாயங்காலம் பெற்றோர் கையெழுத்துக்காகப் படிவத்தைப் பையிலிருந்து எடுத்தேன். பொய் சொல்வதாக எனக்கு எந்த எண்ணமும் இல்லை. 'நைனா, ஒரு பேப்பர் போயிடுச்சு' என்று சொல்வதற்கு ரயிலிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

"இன்னாமா அது, காயிதம்?" என்றார் நைனா.

"காலேஜ்ல குடுத்தாங்க. மே மாசம் க்ளாஸ் கீது."

"லீவுலயா? அல்லாருக்குமா?"

"அல்லாருக்கும் இல்ல. கொஞ்சம் பேருக்குத்தான்."

அதுவரை பொய் இல்லை. அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கையில் கரண்டி. முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு வெளிச்சம்.

"கொஞ்சம் பேருன்னா? செலக்ட் பண்ணிக்கிறாங்களா?"

இல்லை என்று ஒரு தலையாட்டல் போதும். நான் அந்த முகத்தைப் பார்த்தபடி, "ஆமாம்மா. சார்தான் செலக்ட் பண்ணாரு" என்றேன்.

நைனா படிவத்தை வாங்கிக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்த்தார். அவரால் அதைப் படிக்க முடியாது. மெதுவாக, "மே மாசம்னா… ஆஸ்பத்திரி தேதி கீதே" என்றார்.

அம்மா கரண்டியைக் கழுவி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அது எங்க ஓடிடப் போவுது? பொங்க லீவுல பாத்துக்கலாம்."

"வேணாம்மா. நான் க்ளாஸுக்குப் போவல" என்றேன். மறுத்துவிடுவாள் என்று தெரிந்து சொன்னது அது. அந்த அளவுக்கு எனக்கு என்னைத் தெரியும்.

"சும்மா இரு. ஒரு வருசமா இருந்துகினு கீது, இன்னும் ஏழெட்டு மாசத்துல இன்னா ஆயிடப் போவுது? சார் கூப்ட்டு, போவலன்னா மறுபடி கூப்புடுவாரா?"

நைனா கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் எடுப்பதா விடுவதா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடச் சரியில்லை. காலையில் பஸ்ஸில் ஏறும்போது, படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி என்று தெளிவாக இருக்கும். கல்லூரியில் என் சிநேகிதிகள் மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் பற்றிப் பேசுவதைக் கேட்டதும் அந்தத் தெளிவு போய்விடும். ஒரு வருடம் பின்தங்கி, முதலாண்டுப் பெண்களோடு உட்கார்ந்து, ஊரில் எல்லாரும் 'இன்னும் முடிக்கலியா' என்று கேட்டு… தோற்றது தெரிந்துவிடுமே என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அம்மாவின் உடம்பைப் பற்றிய பயம் அதற்கும் அடியில்.

வியாழக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நைனா இல்லாத இடத்தில், அம்மாவிடம் மட்டும். கல்லூரியிலிருந்து சீக்கிரம் கிளம்பி, வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல், நேராக ரிசார்ட்டுக்குப் போனேன். வேலையாட்களுக்குப் பின்பக்கம் தனி வாசல். சவுக்குத் தோப்பை ஒட்டி மணல் பாதை. சலவைக்கூடத்தின் வெந்நீர் ஆவி வெளியில் வரை அடித்தது. வாட்ச்மேன் உள்ளே சொல்லி அனுப்பினார்.

அம்மா வெளியே வந்தாள். கூடவே அவளோடு வேலை செய்யும் ஒரு அக்கா. அம்மாவைவிட இளையவள், நல்ல உயரம், சத்தமான குரல். எனக்கு வாய் திறக்க இடம் கொடுக்காமல் அவள் ஆரம்பித்தாள்.

"வாம்மா செலக்சனு! உங்கம்மா ரெண்டு நாளா தரையில நிக்கல தெரியுமா? சூப்பர்வைசர் வரைக்கும் சொல்லிட்டா. எம் பொண்ண சார் பொறுக்கி எடுத்துக்கிறாரு, எனக்கு லீவு வேணாம்னு எழுதிக் குட்த்துட்டா."

"எழுதிக் குடுத்துட்டியாம்மா?"

"ஆமா, நேத்தே" என்றாள் அம்மா. வெட்கப்பட்டவள்போலச் சிரித்தாள். வெயிலில் அவள் உதடு வெளுத்திருந்தது. இஸ்திரியின் சூட்டில் நெற்றி முடியெல்லாம் ஒட்டியிருந்தது. "நீ இன்னாத்துக்கு இங்க வந்த? நாஸ்தா எதுனா துன்னியா?"

"சும்மாதாம்மா. ஒன்ன பாக்கலாம்னு."

இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். நான் மணல் பாதையில் திரும்பி நடந்தேன். கடல் சத்தம் கேட்டது. கடற்கரைக்குப் போகத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் படிவத்தைத் துறை அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் முத்திரை குத்தி ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வகுப்பு மூன்றாவது மாடியில். முதல் நாள் பதினைந்து பேர் இருந்தோம். பேராசிரியர் வருகைப் பதிவு எடுத்தபோது என் எண்ணில் ஒரு நொடி நின்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு கரும்பலகை பக்கம் திரும்பினார். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் ஒரு மணி வரை நிற்காது. நடுவில் பத்து நிமிடம் டீக்கு. கத்திரி வெயில். மின்விசிறி சூடான காற்றைத்தான் தள்ளியது. முதல் வாரத்தில் எனக்குப் புரிந்தவை என்று எடுத்துச் சொல்ல ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது வாரத்தில், எனக்குப் புரியாதவை என்னென்ன என்று மட்டும் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி ஒரு திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. அவள் அழகாக நின்றுவிட்டாள் என்று பொறாமையாக இருந்தது. நான் நின்றால் அம்மாவின் தேதி தள்ளிப்போனதற்கு என்ன பொருள்? எடுத்துவிட்ட பிறகு விடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னிக்கு இன்னா சொல்லிக் குட்த்தாங்க?" என்று கேட்பாள். நான் ஏதாவது சொல்வேன். வெப்பம் எப்படி ஒரு பக்கமாகவே ஓடுகிறது, ஏன் திரும்பி ஓடுவதில்லை என்று வாயில் வந்ததைச் சொல்வேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்பாள். மடியில் ஒரு கிண்ணத்தில் ஊறவைக்காத அரிசி. ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெல்வாள். "இன்னாமோ இப்பல்லாம் இதான் வாய்க்குப் புடிச்சிக் கீது" என்றாள் ஒரு நாள். இரத்தம் குறைந்தவர்களுக்குப் பச்சரிசி, மண், சாம்பல் தின்னத் தோன்றும் என்று முதலாண்டில் உயிர்வேதியியல் பாடத்தில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் வாங்கியும் இருக்கிறேன். அவள் நகங்களைப் பார்த்தேன். காகிதம்போல இருந்தன. பார்த்துவிட்டு, மறுநாள் டெஸ்ட்டுக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.

இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

நான்காவது வாரத்தில் ஒரு நாள் திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்துக்கு வெளியில் குல்பி வண்டி ஒன்று நின்றிருந்தது. வண்டிக்காரர் பானைக்குள் உடைத்த ஐஸைக் கொட்டி, அதன்மேல் கல் உப்பை அள்ளிப் போட்டார். நான் நின்றுவிட்டேன். உப்பு போட்டால் ஐஸ் ஏன் இன்னும் குளிர்கிறது என்பது அந்த வாரம் கரும்பலகையில் மூன்று நாள் ஓடிய கணக்கு. திரும்பி நிற்கும் அந்த 6, சட்டென்று ஒரு கேள்வியாகத் தெரிந்தது. 'மற்றதெல்லாம் அப்படியே இருக்க, இது ஒன்றை மட்டும் கொஞ்சம் அசைத்தால் என்ன ஆகும்?' அவ்வளவுதான் அது. இவ்வளவு எளிமையானதை இரண்டு வருடமாக யாரும் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரை ஓடாத குறையாக வந்து அம்மாவிடம் சொன்னேன். பானை, உப்பு, ஐஸ் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவளுக்கும் புரிந்தது. "அதான் மீன் பொட்டியிலகூட உப்பு போட்றானுங்களா!" என்றாள். அந்த வாரத் தேர்வில் ஐம்பதுக்கு இருபத்தெட்டு வாங்கினேன். பேராசிரியர் தாளில் 'பரவாயில்லை' என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள் அந்த இரண்டோ மூன்றோதான்.

ஐந்தாவது வாரம் புதன்கிழமை, ஒரு மணிக்கு வகுப்பு முடிந்து போனைப் பார்த்தபோது நைனாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன.

"அம்மா வேல செய்ற எடத்துல வியுந்துட்டா" என்றார். குரல் அவர் குரல்போல இல்லை. "செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துட்டோம். ரத்தம் ரொம்பப் போயிட்ச்சாம். நீ நேரா இங்க வந்துடு."

கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்கு ரயில் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சலவைக்கூடத்து அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சீருடையின் முன்பக்கம் முழுக்கக் கறை. அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். காலையிலிருந்தே அம்மா மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். உட்காரச் சொன்னதற்கு, இரண்டு ட்ராலிதான் பாக்கி என்றாளாம். பிறகு மடித்து வைத்திருந்த விரிப்புகளின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

"கண்ணு தொறந்ததும் மொதல்ல இன்னா சொன்னா தெரியுமா? 'அய்யோ, துணியெல்லாம் பாழாயிட்ச்சே, சூப்பர்வைசர் திட்டுவாரே'ன்னா. அந்த நெலமையில எழுந்து அத்த எடுக்கப் பாக்கிறா. நாந்தான் புடிச்சி அமுக்கினேன்." சத்தமான அந்தக் குரல் அப்போது உடைந்துபோயிருந்தது.

இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஈடாக வீட்டு ஆட்கள் கொடுத்தால் நல்லது என்றார்கள். நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார்கள். நாற்பத்தொன்று. நாற்பத்தைந்தாவது இருக்க வேண்டும் என்று நர்ஸ் இறக்கிவிட்டார். "நீயே ஒரு பாட்டில் ஏத்திக்கணும் போல இருக்கியே" என்று அன்பாகத்தான் சொன்னார். நைனாவும், அவரோடு வேன் ஓட்டும் இரண்டு பேரும் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. டாக்டர்கள் நன்றாகப் பார்த்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் வெளியே வந்து நைனாவிடம், "போன மாசமே வரச் சொன்னோமே, ஏன் வரல?" என்று மட்டும் கேட்டார். நைனா என்னைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது. டாக்டரிடம் அதை எப்படிச் சொல்வது என்று படித்த பெண்ணுக்குத் தெரியும் என்பதுபோலப் பார்த்தார்.

மே மாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, ஜூன் மாதம் நான் இருந்தேன். வகுப்புக்குப் போகவில்லை. ஆறாவது வாரம் முழுக்கப் போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை பரீட்சை.

அம்மா கொஞ்சம் தெளிந்ததும் பேச ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டிலில் மதுராந்தகம் பக்கத்து அம்மா ஒருவர். அவரைப் பார்க்க வந்திருந்த பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம் அம்மா, "இந்த அக்காவப் பாத்தியா? காலேஜ்ல சாரே பொறுக்கி எடுத்துத் தனி க்ளாஸ் நடத்துறாரு. நீயும் அந்த மாரி படிக்கணும்" என்றாள். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையை மெதுவாகத் தூக்கி என்னைக் காட்டினாள். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவர்கள் கிளம்பிப் போனதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, என்னை யாரும் செலக்ட் பண்ணல."

"இன்னாது?"

"நான் பெயில் ஆயிட்டேம்மா. பெயில் ஆனவங்களுக்குத்தான் அந்தக் க்ளாஸ். சார் எடுக்காதன்னுதான் சொன்னாரு. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் எதையோ மனதுக்குள் பின்னோக்கிப் பார்ப்பதுபோல் மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, என்னிடம் கேட்பதுபோலக்கூட இல்லாமல் சொன்னாள்:

"அப்போ, அப்பவே வந்து பண்ணிகினு இருக்கலாமே."

கோபம் இல்லை அதில். இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "தண்ணி குடு" என்றாள். ஸ்பூனால் கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மா என்னிடம் அவசியமானது தவிர எதுவும் பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் சலவைக்கூடத்து அக்கா லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். அம்மாதான் நைனாவின் போனில் சொல்லி வரவழைத்திருந்தாள்.

"இத்தினி நாள் போனல்ல? போயி எழுதிட்டு வா" என்றாள் என்னிடம்.

போனேன். போகாமல் இருக்கவும் எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது. வினாத்தாளில் பாதி நான் போகாத நாட்களில் நடந்த பாடம். மீதிப் பாதியில் எனக்குத் தெரிந்தவை இருந்தன. தெரிந்ததை எழுத ஆரம்பித்தால், இரண்டாவது வரியில் நடுவில் நின்றுவிடும். இருபது நிமிடம் வெறுமனே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் என் மேஜை அருகில் ஒரு முறை நின்றார். குனிந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். இல்லை சார் என்றேன். நேரம் முடிவதற்கு முன்பே தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். முப்பத்தெட்டு வந்தது. பாஸ் மார்க் நாற்பது.

நைனாவிடம் பெயில் என்று மட்டும் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"வுடு பாப்பா. எங்களாலதான். பரீட்ச நேரத்துல அம்மா வியுந்துட்டா. நீ இன்னா பண்ணுவ?"

அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு அம்மா பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது. தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, அவளைக் குளிப்பாட்டித் தலை துவட்டுவது எல்லாம் நான்தான். எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தாள். முடியைச் சிக்கெடுக்கும்போது வலித்தால் சொல்வாள். சோறு குழைந்துவிட்டால் சொல்வாள். கல்லூரியைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஜூலையில் என் வகுப்பு மூன்றாம் ஆண்டுக்குப் போனது. நான் மற்ற பாடங்களில் அவர்களோடும், பிசிக்கல் கெமிஸ்ட்ரிக்கு ஜூனியர்களோடும் உட்கார்ந்தேன். பேராசிரியர் சொன்னதுபோல் நிதானமாக நடந்தது. அறுபத்து நான்கு வாங்கித் தேறினேன். ஒரு வருடம் தாமதமாக டிகிரி வந்தது. ஊரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது மறைமலை நகரில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை செய்கிறேன். அம்மாவை ரிசார்ட்டில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நின்று செய்யும் வேலைக்கு அவளாலும் இனி முடியாது. வீட்டில் இருக்கிறாள். நல்ல நாள் கிழமைக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் நைனா என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். "எம் பொண்ணு பெரிய படிப்பு போயிருக்க வேண்டியது. சார் பொறுக்கி எடுத்த புள்ள. எங்க நேரம், இவளுக்கு ஒடம்புக்கு வந்து, அந்தப் புள்ள படிப்பு கெட்டுப் போச்சு" என்பார். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள்தான். கேட்பவர்கள் அம்மாவைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நானும் இதுவரை நைனாவிடம் எதையும் சொல்லவில்லை.